சன்னலை அடைத்தது வரியா?

அன்புள்ள ஐயா,

லண்டன் ப்ரூக் தெருவில் இசைமேதை ஹேண்டல் வாழ்ந்த வீட்டைப் பார்த்தேன். 1723இல் கட்டியதாம். தட்டையான செங்கல் சுவர், வரிசையாகச் சன்னல்கள், அவ்வளவுதான். இதில் கட்டடக்கலை எங்கே இருக்கிறது? அந்தக் காலத்து வீடுகள் சிலவற்றில் சன்னல் இருக்கவேண்டிய இடத்தைச் செங்கல்லால் மூடியிருக்கிறார்கள். சன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து விதித்த சன்னல் வரிக்குப் பயந்து அடைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

ர.

அன்புள்ள ர.,

அந்தத் தட்டையான முகம் தீவிபத்து தந்தது. 1666இல் லண்டன் எரிந்தது. மறு ஆண்டே வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் எழவேண்டும் என்று சட்டம் வந்தது. 1707இல் கூரையோர மரவேலைக்குத் தடை. 1709இல் சன்னலின் மரச்சட்டம் நான்கு அங்குலம் உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்றார்கள். எல்லோரும் உடனே கீழ்ப்படிந்துவிடவில்லை. ஆனால் படிந்த இடங்களில், அந்த நான்கு அங்குல நிழல்தான் சுவருக்கு நகை. எனக்கு அது போதும்.

அடுத்தமுறை இத்தகைய வீடுகளின் சன்னல் தலைப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மென்மையான செங்கல்லை ஆப்பு வடிவில் அறுத்து, தேய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். நல்ல வேலையில் இரு செங்கற்களுக்கு நடுவே ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அதே சுவரில் திருட்டும் உண்டு. முகப்பில் ஒரு செங்கல்லின் நீளப் பக்கம், அடுத்ததன் குறுகிய பக்கம் என மாறிமாறித் தெரியும். குறுகிய பக்கம் காட்டும் கல் உள்ளே நீண்டு சுவரின் உள் அடுக்கைப் பிடிக்கவேண்டும். விலையுயர்ந்த முகப்புக் கல்லை மிச்சப்படுத்த, பல ஒப்பந்தக்காரர்கள் அதைப் பாதியாக உடைத்து வைத்தார்கள். பிடிமானமில்லாத வெளி அடுக்கு பிற்காலத்தில் பிரிந்து புடைத்தது. இத்தனை அழகுக்குப் பின்னால் இந்தக் கஞ்சத்தனம் இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி உங்கள் சன்னல். வரி 1696 முதல் 1851 வரை இருந்தது. அதற்காக அடைத்தவர்களும் உண்டு. ஆனால் பழி முழுவதும் வரிக்கு உரியதல்ல. உள்ளே புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ வரும் இடத்தில் சன்னல் திறக்க முடியாது. வெளி வரிசை கெடக்கூடாது என்பதற்காகச் சன்னல் வடிவில் குழி மட்டும் விட்டுக் கட்டினார்கள். அடைப்பின் செங்கல் சுற்றுச்சுவரோடு பின்னிப் போனால், பெரும்பாலும் அங்கே சன்னலே இருந்ததில்லை. ஓரம் நேர்க்கோடாகப் பிரிந்து, கல்லின் நிறமும் மாறியிருந்தால் பின்னாளில் அடைத்தது. அது வரிக்காகத்தானா என்பதை அந்த வீட்டின் பழைய ஆவணங்களில்தான் தேடவேண்டும்.