சிவப்புத் திருமணம் காப்பியா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் கல்யாண விருந்துக்கு வந்த இளம் அரசன் ராபையும் அவன் ஆட்களையும் கொன்றுபோடும் 'சிவப்புத் திருமணம்' காட்சி ஸ்காட்லாந்து வரலாற்றில் இருந்து எடுத்தது என்று தெரிந்ததும் மதிப்பே போய்விட்டது என்கிறீர்கள், நண்பரே. எடுத்தது உண்மைதான், மூல நாவலை எழுதிய மார்ட்டினே சொல்லியிருக்கிறார். 1440இல் எடின்பரோ கோட்டையில் விருந்துக்கு வந்த டக்ளஸ் பிரபுவையும் தம்பியையும் கொன்றார்கள். 1692இல் கிளென்கோவில், தங்க இடம்கொடுத்துச் சோறு போட்ட மெக்டொனால்டு குடும்பத்தாரையே படைவீரர்கள் கொன்றார்கள். சரி, அதில் கல்யாணம் எங்கே? ஃப்ரே கிழவரின் மகளை மணப்பதாகக் கொடுத்த வாக்கை மீறி ராப் தலிசாவை மணந்தது, அதனால் அந்தக் கிழவருக்கு வந்த வன்மம், கதவைச் சாத்தும்போது ராபின் அம்மா கேட்லினுக்கு உறைக்கிற அந்த நொடி, இதெல்லாம் எந்த வரலாற்று நூலிலும் கிடையாது. எனக்கு அந்தக் காட்சியில் வலித்ததே இவைதான். இரண்டாம் சீசனில் ராப், தலிசா காட்சிகளை மறுபடி பாருங்கள். இந்தமுறை வயிறு கலங்கும்.