தம்பியை இரண்டு இரவு போலீஸ் நிலையத்தில் வைத்தது பற்றி

கடலூரில் பெயர் குழப்பத்தில் உங்கள் தம்பியைத் திருட்டு வழக்கில் போலீஸார் பிடித்துப்போய், இரண்டு இரவு வைத்திருந்து, ஒரு காகிதமும் தராமல் அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்க வேண்டும்; அரசியலமைப்பின் 22-வது பிரிவு அது.

கைதே பதிவாகாததால், நாளைக்கு ‘அவர் இங்கே வரவேயில்லை’ என்று சொல்லிவிடலாம். அதனால் முதல் வேலையாக, அந்த நாட்களின் நிலைய கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்பிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் மனு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடித்திருந்தால் இன்றே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் கூப்பிடலாம். அம்மா பெயரில் விண்ணப்பித்தால், பெண் என்பதால் வருமான வரம்பு கிடையாது. அப்புறம், மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் (அடிப்படை உரிமை மீறலுக்கு நேரடியாகப் போடும் மனு) போடலாம். சட்டவிரோதமாகச் சிறையில் வைத்ததற்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்ன 1983 ருதுல் ஷா தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது.