ஒலியும் காணொளியும் ஒரே கோப்பில் பின்னப்படும் விதம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காணொளி முழுவதையும் முதலில் எழுதிவிட்டு அதன் பின்னால் ஒலி முழுவதையும் எழுதினால் என்ன? துண்டு துண்டாக மாற்றி மாற்றி வைப்பது ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். வினாடிக்கு 50 இலட்சம் பிட் வீதம் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிகாபைட் ஆகிறது. வினாடிக்கு 1,28,000 பிட் கொண்ட ஒலியோ 57.6 மெகாபைட்தான். நீங்கள் சொல்லும் முறையில், முதல் படச்சட்டத்துக்கு உரிய ஒலி 2.25 ஜிகாபைட் தள்ளிக் கிடக்கும். பிளேயர் இரண்டு இடங்களுக்கும் ஓயாமல் தாவிப் படிக்க வேண்டும். தாவ வழியே இல்லாத நேரடி ஒளிபரப்பாக இருந்தால், ஒலி வந்து சேரும் வரை காணொளி முழுவதையும் நினைவகத்தில் தேக்கி வைக்க நேரும். அரை வினாடிக்கு ஒருமுறை பின்னினாலோ, சுமார் 312 கிலோபைட் காணொளியை அடுத்து 8 கிலோபைட் ஒலி வந்துவிடுவதால், கோப்பை முன்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் போதும். மைக்ரோசாஃப்ட் 1992-இல் கொண்டுவந்த ஏவிஐ வடிவம் (ஆடியோ வீடியோ இன்டர்லீவ், அதாவது ஒலி-காணொளிப் பின்னல்) தன் பெயரிலேயே இந்தப் பின்னலைச் சுமந்திருப்பது தற்செயல் அன்று. குறுந்தகட்டிலிருந்து படித்த காலத்தில் ஒவ்வொரு தாவலும் திரையில் தடங்கலாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் கோப்பில் உதட்டசைவுக்குப் பின்னால்தான் குரல் கேட்கிறது. பின்னல் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எது எதற்கு அருகில் இருக்கிறது என்பது பின்னலைப் பொறுத்தது; எது எப்போது ஒலிக்க வேண்டும் என்பது, ஒவ்வொரு துண்டுடனும் எழுதப்படும் நேரக்குறியைப் பொறுத்தது. நேரக்குறி சரியாக இருந்தால், பின்னல் மோசமான கோப்பு திணறும், நின்று நின்று ஓடும். ஆனால் குரல் விலகாது. ஆகவே முதலில் நேரக்குறிகளைச் சோதியுங்கள். ஏவிஐ மட்டும் சற்று வேறுபட்டது: அதன் துண்டுகளுக்குத் தனி நேரக்குறி கிடையாது, எண்ணிக்கையையும் வீதத்தையும் கொண்டே நேரம் கணிக்கப்படுகிறது. அதனால் இடையில் சில துண்டுகள் விடுபட்டால் விலகல் கடைசி வரை தொடரும்.

கேள்வி: ஒரு படச்சட்டத்துக்கு ஓர் ஒலித்துண்டு என்று வைத்தால் கணக்கு எளிதாகுமே?

அளவுகள் பொருந்துவதில்லை. வினாடிக்கு 25 சட்டம் என்றால் ஒரு சட்டம் 40 மில்லிவினாடி நீடிக்கும். ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து மாதிரி எடுக்கும் வீதத்தில், 1,024 மாதிரிகள் கொண்ட ஏஏசி (ஓர் ஒலிச் சுருக்க முறை) துண்டு ஏறத்தாழ 21.33 மில்லிவினாடி நீடிக்கும். எனவே கோப்பை எழுதும் நிரல், காணொளி, ஒலி ஆகிய ஓட்டங்களில் அடுத்து எந்த ஓட்டத்தின் நேரம் பின்தங்கியிருக்கிறதோ அதன் துண்டையே எடுத்து எழுதுகிறது. அப்போது அது ஒப்பிடுவது, திரையில் காட்டும் நேரத்தை விட்டுவிட்டு, சுருக்கிய துண்டை விரித்தெடுக்கும் நேரமான குறிவிலக்கும் நேரத்தைத்தான். பின்வரும் சட்டத்தைச் சார்ந்த பி-சட்டங்கள் இருக்கும்போது இவ்விரண்டும் வேறுபடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: வசன வரிகளைச் சேர்த்தால் நினைவகம் ஏன் பெருகுகிறது?

நல்ல கேள்வி, பலரும் இதில் இடறுகிறார்கள். வசன வரிகள் நிமிடக்கணக்கில் வராமலும் இருக்கலாம். எல்லா ஓட்டங்களிலிருந்தும் அடுத்த துண்டு கைக்கு வந்தால்தான் எது முந்தியது என்று நிரலால் முடிவு செய்ய முடியும் என்பதால், மற்றவற்றைத் தேக்கிக்கொண்டு அது காத்திருக்கிறது. இதற்கு, காணொளிக் கோப்புகளை உருவாக்கவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரல் ஓர் எல்லை வைத்திருக்கிறது: தேங்கியவற்றின் நேர இடைவெளி 10 வினாடியைத் தாண்டினால், வராத ஓட்டத்துக்குக் காத்திராமல் எழுதத் தொடங்கிவிடும். இந்த அளவை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கேள்வி: பதிவு நடுவில் மின்சாரம் போனதும் எம்பி4 கோப்பு திறக்கவே இல்லை. உள்ளடக்கம் எல்லாம் அழிந்துவிட்டதா?

உள்ளடக்கம் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கும். எந்தத் துண்டு எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற அட்டவணை 'மூவ்' என்னும் பெட்டியில் இருக்கிறது. வழக்கமாக அது பதிவு முடிந்த பிறகே எழுதப்படுவதால், உங்கள் கோப்பில் அது உருவாகவே இல்லை. அதே கேமராவில், அதே அமைப்பில், ஒரு சிறு பதிவை எடுத்து வையுங்கள். மீட்பு நிரல்கள் அதை மாதிரியாகக் கொண்டு அட்டவணையைத் திரும்பக் கட்டும். இனிமேல் நீண்ட பதிவுகளுக்குத் துண்டாக்கிய எம்பி4 அல்லது மட்ரோஸ்கா (எம்கேவி) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஒவ்வொரு பகுதியும் தன் நேரத் தகவலைத் தன்னிடமே வைத்திருப்பதால், மின்சாரம் போனாலும் கடைசிப் பகுதி மட்டுமே இழப்பாகும்.