பார்க்கின்சன் மாத்திரை சாப்பிட்டும், பேசிக்கொண்டே நடந்தால் அப்பா தடுமாறுகிறார். மாத்திரை போதவில்லையா?

போதவில்லை என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். பேச்சும் நடையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் அதன் கை அவ்வளவாக எட்டாது. நான் டாக்டர் இல்லை. மன்னார்குடிப் பக்கம் மாமனாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள்.

தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் நடந்துகொண்டே, எதிரே வருகிறவரிடம் "மடை திறந்தாச்சா?" என்று கேட்டவர் அவர். நமக்கெல்லாம் கால் அப்படி யோசிக்காமல் போகிறது. மூளையின் ஆழத்தில் இருக்கிற சில நரம்பு முடிச்சுகள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைந்ததும் அந்தப் பழக்கம் கலைகிறது. பிறகு ஒவ்வோர் அடியையும் மனசு வைத்துத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு கேள்வியோ, கையில் தளும்பும் காப்பி டம்ளரோ வந்தால் கவனம் அங்கே போய்விடும். அடி குறுகும், சில சமயம் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற முக்கிய மருந்தான லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. விறைப்பு விடும், அடி நீளும், வேகம் கூடும். மாத்திரை ஏறிய நேரத்தில், அதாவது அது நன்றாக வேலை செய்கிற நேரத்தில், பேசிக்கொண்டு நடப்பதும் தேவலைதான். ஆனால் சும்மா நடப்பதற்கும் பேசிக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் போவதில்லை. விழாமல் நிற்கிற நிதானமும் டோபமைனை மட்டும் நம்பியதல்ல. அதனால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கை கால் தானாக நெளிவதும், எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவதும்தான் மிச்சமாகலாம்.

நடுக்கத்துக்காக டிரைஹெக்சிபெனிடில் கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். வயதானவர்களுக்கு அது மறதியும் குழப்பமும் தரக்கூடும். இருக்கிற கவனமும் குறைந்தால் நடை எப்படித் தேறும்? டாக்டரிடம் கேளுங்கள், நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். பருப்பு, தயிர், முட்டையில் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே கொடுப்பது பலருக்கு ஒத்துவருகிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மருந்தைவிடப் பெரிய மாற்றம் எங்கள் வாயில்தான் வந்தது. அவர் நடக்கும்போது பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. பேச வேண்டுமென்றால், "செத்த நில்லுங்க மாமா" என்று நிறுத்திவிட்டுப் பேசுவோம். முதலில் கோபப்பட்டார், பண்ணையம் பார்த்தவர் இல்லையா! ரேழியிலிருந்து கூடத்துக்குப் போகும் நிலைப்படிதான் அவருக்கு எமன். அதற்கு முன்னால் தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டியிருக்கிறோம். வேடிக்கைதான், வாசப்படியில் நின்றுபோகிற கால் கோட்டைப் பார்த்தால் தாண்டிவிடுகிறது. இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யும் பயிற்சியும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, மாத்திரை ஏறிய நேரத்தில் மட்டும்.

கால் நின்றுபோகிற நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மாத்திரை இறங்கும் நேரத்தில் என்றால் டாக்டர் வேளையையோ அளவையோ மாற்றிப் பார்ப்பார். நன்றாக ஏறியிருக்கும்போதும் நின்றால் அது வேறு கணக்கு. சிலருக்கு அப்போது அளவைக் குறைக்கக்கூட வேண்டியிருக்கும்.