நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிலோ பூட் லோடரை லினக்ஸ் விநியோகங்கள் ஏன் தூக்குகின்றன?

உங்கள் பழைய சர்வரில் லிலோ (மெஷினைப் போட்டதும் லினக்ஸை ஏற்றித் தரும் சிறு நிரல், அதைத்தான் பூட் லோடர் என்கிறோம்) ஒரு குறையும் இல்லாமல் பூட் செய்கிறது, ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் 11-ஆம் வெளியீட்டில் அந்த பேக்கேஜே இல்லை, ஓடுவதை எதற்குத் தொட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல வருஷம் லிலோவை விரும்பிப் பயன்படுத்தியவன்தான். ஆனாலும் தூக்கியது சரி என்றே சொல்வேன்.

முதல் காரணம், அதைக் கவனிக்க ஆள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. பிறகு ஜான் காஃப்மன் நெடுநாள் பார்த்துக்கொண்டார், 2010 வாக்கில் யோவாகிம் வீடோர்ன் கைக்கு வந்தது. 2015 கடைசியோடு வளர்ச்சி நின்றுவிட்டது. டெபியன் 11 வந்தது 2021 ஆகஸ்டில். மற்ற பேக்கேஜ் என்றால் ஆள் இல்லாவிட்டாலும் கொஞ்ச காலம் ஓட்டலாம். பூட் லோடரில் ஒரு பிழை வந்தால் மெஷினே எழாது. எழாத மெஷினுக்கு அப்டேட் அனுப்பிச் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாவது, அது வேலை செய்யும் விதம். லிலோவுக்கு ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, என்றால் என்னவென்றே தெரியாது. லினக்ஸின் மையமான கர்னல் ஃபைல் டிஸ்கில் எந்தெந்த செக்டரில் (டிஸ்கின் 512 பைட் துண்டு) கிடக்கிறது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும், பூட்டின்போது மெஷினை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸிடம் அந்த எண்களைச் சொல்லி எடுத்துத் தரச் சொல்லும். அவ்வளவுதான். எந்த ஃபைல் சிஸ்டமாக இருந்தாலும் கவலையில்லை என்பது இதன் அழகு. கர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் லிலோ கட்டளையை ஓட்டி மேப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பது இதன் வம்பு. இன்று பரவலாக இருக்கும் பூட் லோடரான கிரப் அப்படியில்லை. ஃபைல் சிஸ்டத்தைத் தானே படித்துக் கர்னலைப் பெயர் சொல்லித் தேடிக்கொள்ளும்.

உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது இங்கேதான். புது வெளியீட்டுக்குப் போனதும் லிலோ தானாக மறைந்துவிடாது. களஞ்சியத்தில் இல்லாத பழைய பேக்கேஜாக உங்கள் மெஷினில் அப்படியே கிடக்கும். பழசையெல்லாம் துடைப்போம் என்று ஒருநாள் அதையும் நீக்கிவிடுகிறீர்கள் என்று வையுங்கள். நிரல் போய்விடும், டிஸ்கின் முதல் செக்டரில் எழுதப்பட்டது போகாது. அடுத்து கர்னல் அப்டேட் வருகிறது, பழைய கர்னல் அழிக்கப்படுகிறது, மேப்பைப் புதுப்பிக்க யாரும் இல்லை. ரீபூட் செய்தால்? பெரும்பாலும் எழுந்துவிடும்! அழித்த ஃபைலின் செக்டர்கள்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை பழைய கர்னல் அங்கேயே கிடக்கும், லிலோவும் சமர்த்தாக அதையே எடுத்து ஓட்டும். ஆனால் அதற்குரிய மாட்யூல்கள் (கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் போன்ற துண்டுகள்) அழிந்துவிட்டிருக்கும், அதனால் நெட்வொர்க் கார்டு வராமல் போகலாம். அழிந்துபோன கர்னல்தான் ஓடுகிறது என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? எஸ்எஸ்டி என்றால், அழித்த ஃபைல்களின் இடத்தைக் காலிசெய்யும் ட்ரிம் கட்டளை ஓடியதும் அந்த இடங்கள் காலியாகி, அடுத்த பூட்டிலேயே நின்றுவிடும்.

நிற்கும்போதுகூட லிலோ ஒரு தடயம் விட்டுச் செல்லும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை (LILO) ஒவ்வொரு கட்டமாகத் திரையில் அச்சிடும். முதல் எழுத்தோடு நின்றால், முதல் செக்டரில் இருக்கும் முதல் கட்ட நிரலால் தன் இரண்டாம் கட்டத்தை டிஸ்கிலிருந்து எடுக்க முடியவில்லை, இரண்டு எழுத்து என்றால் எடுத்தது, ஓட்ட முடியவில்லை. மூன்று எழுத்து என்றால் மேப்பைப் படிப்பதில் சிக்கல். நான்கும் வந்தால்தான் எல்லாம் ஏறியது என்று பொருள். முதல் கட்ட நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்டுக்கும் குறைவு, அதற்குள் இப்படி ஒரு பிழைத்தகவல் முறை! இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ பற்றி நீட்ட வேண்டியதில்லை. லிலோ பயாஸ் காலத்துச் சரக்கு, புது மெஷின்களில் அதற்கு இடமே இல்லை.

சரி, கிரப் மட்டும் உத்தமமா என்றால் இல்லை. 2020 ஜூலையில் வெளிவந்த பூட்ஹோல் பிழை கிரப் 2 தன் அமைப்பு ஃபைலைப் படிக்கும் இடத்தில்தான் இருந்தது. கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே பூட்டில் ஓடவிடும் செக்யூர் பூட் பாதுகாப்பையே தாண்டிவிடக்கூடிய ஓட்டை. அத்தனை வேலையை ஒரு பூட் லோடர் இழுத்துப்போட்டுக்கொண்டால் இப்படித்தான் ஆகும். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க ஆட்கள் இருந்தார்கள்.

எல்லாரும் லிலோவைத் தூக்கிவிடவும் இல்லை. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்லாக்வேர் 15.0 என்ற விநியோகத்திலும் அது இருக்கிறது. அதே வருஷம் இன்னொரு விநியோகமான ஃபெடோராவில் பயாஸ் ஆதரவையே படிப்படியாக விடலாம் என்று ஒரு யோசனை வந்து, பலத்த எதிர்ப்பில் நின்றுபோனது. பழைய மெஷின் வைத்திருப்பவர்களின் குரலுக்கு மதிப்பில்லாமல் இல்லை.

கிரப்புக்கு மாறுவதாக இருந்தால் முதலில் பார்ட்டிஷன் அட்டவணையை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை, பாருங்கள். லிலோ காலத்து டிஸ்குகளில் முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 63-ஆவது செக்டரில் தொடங்கும். முன்னால் மிஞ்சுவது 62 செக்டர், அதாவது 31 கேபி. கிரப் 2 தன் மையப் பகுதியை அந்த இடைவெளியில்தான் எழுதும். சாதாரண எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்றால் அடங்கிவிடும், பல டிஸ்குகளைச் சேர்த்து ஆளும் எல்விஎம், ரெய்டு முறைகளும் சேர்ந்தால் இடம் போதவில்லை என்று மறுத்துவிடலாம். 2048-ஆவது செக்டரில் தொடங்கும் புது டிஸ்குகளில் இந்தத் தொல்லை இல்லை.

இடம் இருக்கிறது என்று உறுதியானதும் முதல் செக்டரை ஒரு ஃபைலில் நகலெடுத்து யுஎஸ்பியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப எழுத நேர்ந்தால் முதல் 446 பைட்டை மட்டும் எழுதுங்கள், மீதியில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. கிரப்பை நிறுவி, அமைப்பு ஃபைலை உருவாக்கி, ரீபூட் செய்து புதுக் கர்னல்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். லிலோ பேக்கேஜை அதற்குப் பிறகு நீக்கினால் போதும். சர்வர் தூரத்தில் இருந்தால், கன்சோல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்யுங்கள்.