மூடியே திறக்காமல் திரும்பி வரும் சாப்பாட்டு டப்பா

சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள், பள்ளியில் உங்கள் பையன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதை முதலில் விசாரியுங்கள். எட்டு வயசுப் பையன் இரண்டு வாரமாக டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதையே அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறான் என்கிறீர்களே, அப்போது ருசியில் குறை இருக்க வாய்ப்பில்லை. யாராவது அவன் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்தியிருக்கலாம். என் மகளுக்கு அதுதான் நடந்தது, ஒரு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏன் சாப்பிடலை?" என்றால் "பசிக்கலை" என்றுதான் வரும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "இன்னிக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?" என்று மட்டும் கேளுங்கள். தயங்கினாலோ "தனியா" என்றாலோ வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கேலி செய்த பிள்ளையின் பெற்றோரிடம் நேரே போகாதீர்கள், சண்டையாகி அது இவன் தலையில்தான் விடியும்.

விடுமுறை நாளிலும் சாப்பிடாமல் இளைத்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.