சி டிரைவில் பூட்டிக் கிடக்கும் அந்த ஃபோல்டர்

"சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது. இடத்தைத் தின்பது எது என்று ஒரு மென்பொருளை வைத்துப் பார்த்தால், 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' 38 ஜிபி என்கிறது. திறக்கப் போனால் 'ஆக்சஸ் டினைடு'. இது என் கம்ப்யூட்டர், நான்தானே அட்மின்? வைரஸா? அழித்துவிடலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

வைரஸ் இல்லை. கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறானால் முந்தைய நிலைக்குத் திரும்புவதற்காக (ரீஸ்டோர்) விண்டோஸ் எடுத்துவைக்கும் 'ரீஸ்டோர் பாயின்ட்டுகள்' இருக்கும் இடம் இது. ஃபோல்டரில் கை வைக்காதீர்கள், ஆனால் அதற்குள் இருக்கும் இடத்தைத் தாராளமாக மீட்கலாம், அதற்கு வேறு வழி இருக்கிறது.

அட்மினுக்கே கதவு திறக்காததற்குக் காரணம், அந்த ஃபோல்டர் உங்கள் கணக்கின் பெயரில் இல்லை, விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் 'சிஸ்டம்' என்ற கணக்கின் பெயரில் இருக்கிறது. ஓனர்ஷிப்பை மாற்றி உள்ளே போகலாம்தான். ஒருமுறை நானும் அப்படிப் போய், இது தேவையில்லை, அது தேவையில்லை என்று நாலைந்து ஃபைல்களை அழித்தேன். அப்புறம் ஒருநாள் டிரைவர் (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) அப்டேட் சொதப்பி ரீஸ்டோர் செய்யப் போனபோது, ஒரு ரீஸ்டோர் பாயின்ட்கூட மிஞ்சியிருக்கவில்லை. எல்லாம் நான் செய்த வேலை.

சரி, 38 ஜிபி எங்கிருந்து வந்தது? ரீஸ்டோர் பாயின்ட் என்றால் மொத்த டிரைவையும் நகலெடுத்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது 'ஷேடோ காப்பி' முறையில் நடக்கிறது. ரீஸ்டோர் பாயின்ட் உருவான நொடியில் எதுவுமே பெரிதாக நகலாவதில்லை, அதன்பிறகு டிஸ்க்கில் ஏதாவது ஒரு இடத்தில் புதிதாக எழுதப் போகும்போது, அங்கே இருந்த பழைய தகவலை 16 கேபி துண்டாக எடுத்து இந்த ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியதை எழுத விடுகிறது. அதனால்தான் பெரிய வீடியோக்களை அழிப்பதும் அதே இடத்தில் வேறு ஏற்றுவதுமாக இருப்பவர்களுக்கு இது பலூன் மாதிரி ஊதுகிறது.

இனி செய்ய வேண்டியது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறங்கள். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' அழுத்தினால், இப்போது எவ்வளவு இடம் போகிறது என்பதும், கீழே 'மேக்ஸ் யூசேஜ்' என்ற ஸ்லைடரும் தெரியும். 256 ஜிபி டிஸ்க் என்றால் 4 சதவீதம், அதாவது சுமார் 10 ஜிபி போதும் என்பது என் கணக்கு. ஸ்லைடரைக் குறைத்து 'அப்ளை' கொடுத்தால் பழைய பாயின்ட்டுகளிலிருந்து விண்டோஸே கழித்துக்கட்டும். பக்கத்திலேயே 'டெலீட்' பட்டன் இருக்கும், அது அந்த டிரைவின் எல்லாப் பாயின்ட்டுகளையும் ஒரேயடியாகத் துடைத்துவிடும், ஆன்டிவைரஸ் இந்த ஃபோல்டருக்குள் ஏதோ இருக்கிறது என்று கத்தினால் ஒழிய அதைத் தொட வேண்டாம். தொட்டால் உடனே புதிதாக ஒரு பாயின்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதே பெட்டியில் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கும் வசதியான புரொடெக்‌ஷன் 'ஆன்' ஆக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கும்.

பென்டிரைவிலும் இதே பெயரில் ஒரு ஃபோல்டர் வரும். அழித்தால் மறுபடி முளைக்கும். விண்டோஸ் தன் குறிப்புகளுக்காக வைப்பதுதான், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, ரீஸ்டோர் செய்தால் அழிந்த போட்டோ திரும்பி வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வராது. சிஸ்டம் ஃபைல்கள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்), டிரைவர்கள், நிறுவிய புரோகிராம்கள் ஆகியவைதான் பழைய நிலைக்குப் போகும், உங்கள் போட்டோவையும் ஆவணங்களையும் அது சீண்டாது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவிய புரோகிராம்கள் காணாமல் போகும், அதனால் ரீஸ்டோருக்கு முன் 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்' என்பதை அழுத்தி எவையெவை போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கே செத்துப்போனால் அதற்குள் இருக்கும் ரீஸ்டோர் பாயின்ட்டும் கூடவே போய்விடும், போட்டோக்களுக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தனி நகல் வேண்டும்.